கற்றாழை ஏன் வாய் திறப்பதில்லை

செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் சுடலைவடிவு என்று ஒருத்தி கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்தாள். கொடுத்துக் கொடுத்தே ஆளைத் திணறடிக்கிற கை அவளுக்கு. அவள் வீட்டுக்குப் போனவர் யாரும் ஒரு பனையோலைப் பட்டை பதநீரோடு எழுந்து வந்ததாகச் சரித்திரமே கிடையாது. இரண்டாவது பட்டையை வேண்டாம் என்றால் அவள் முகம் சுண்டிப்போகும். அதைப் பார்க்கச் சகிக்காமலே ஊர் முழுக்கக் குடித்துவைத்தது.

அவள் அடுப்படிக்கு வெளியே, வாய் உடைந்த பானையில் ஒரு சோற்றுக்கற்றாழை இருந்தது. பாகு தெறித்து அவள் கை பொத்துப்போனால், அது தன் மடலைத் தானே நீட்டும். அவ்வளவு பாசம் இரண்டு பேருக்கும்.

ஒரு வருஷம் கற்றாழை குட்டி போட்டுப் போட்டுப் பானையே பிதுங்கியது. மண்ணும் இறுகிவிட்டது. மூச்சு முட்டுகிறது என்று அது சொன்னதும் சுடலைவடிவு பதறிப்போனாள். புதுப் பானையின் அடியில் ஓட்டை போட்டு, ஓட்டுச்சில் பரப்பி, தேரி மணலோடு மக்கிய ஆட்டுப்புழுக்கை கலந்தாள். கற்றாழையைப் பிடுங்கி, பழைய மண்ணை உதறி நட்டாள். குட்டிகளை அக்கம்பக்கம் கொடுத்தாள். ஒரு குட்டி மட்டும் ஓலைக்கட்டுக்குப் பின்னால் உருண்டுபோனதை அவள் கவனிக்கவில்லை.

பிடுங்கியதில் வேர் அறுந்திருந்தது. அது காது குத்தின புண் மாதிரி, ஆறுகிறவரை ஈரம் ஆகாது. கற்றாழைக்குத் தெரியும். நம்மாளுக்குத் தெரியாது. இடம் மாறிய பிள்ளை ஏங்கிப்போகுமே என்று காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு ஊற்றினாள். இன்னும் வேணுமாட்டி என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். இந்த அசட்டுக் கற்றாழையும் சரிக்கா, சரிக்கா என்றே சொல்லும்.

ஆறாம் நாள் அடிமடல் கொழகொழவென்று அழுகி நாறியது. தாகத்தில்தான் வாடுகிறது என்று சுடலைவடிவு குடத்தையே தூக்கி வந்தாள். இடுப்புக் குடத்தோடே நிழலுக்கு ஓலை எடுக்கப் போனவள், அங்கே கிடந்த குட்டியைப் பார்த்துத் திகைத்தாள். மண்ணில்லை, தண்ணீரில்லை. ஆனாலும் அது கொழுகொழுவென்று கிடந்தது. "நீ என்னைப் பார்க்கவேயில்லை. அதான் நல்லா இருக்கேன்" என்றது.

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பானையிலிருந்த கற்றாழையிடம் திரும்பினாள்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையாட்டி?"

"சொன்னா உன் முகம் வாடுமேக்கா."

சுடலைவடிவு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கற்றாழை சொன்னபடியே அதைப் பிடுங்கி, வெள்ளைச் சதை தெரிகிறவரை அழுகலை அரிந்து எறிந்தாள். மூன்று நாள் சுளகில் நிழலில் உலர்த்தி, புது மணலில் நட்டாள். இனி ஒரு வாரம் ஈரம் படக்கூடாது. இன்னொரு தடவை அழுகினால் அரிய ஒன்றும் மிச்சமில்லை.

"இனிமே என்னைக் கேட்காதேக்கா. கேட்டா நான் சரின்னுதான் சொல்லுவேன்" என்று கற்றாழை கெஞ்சியது.

கேட்காமல் இருக்க அவளால் ஆகுமா? மறுநாள் விடியும்போதே செம்போடு வந்து நின்றாள். ஒரே ஒரு வாய் ஊற்றட்டுமா என்று கண் கலங்கக் கேட்டாள். கற்றாழை அவள் முகத்தைப் பார்த்தது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அதற்குத் தெரியாதா? இறுக மூடிக்கொண்டது. ஏழு நாளும் அவள் கேட்டாள். ஏழு நாளும் அது வாய் திறக்கவில்லை.

எட்டாம் நாள் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். வேர் பிடித்து நடுவில் குருத்து விட்டது. பிழைச்சுக்கிட்டியாட்டி என்று அவள் மடலைத் தடவித் தடவிக் கேட்டாள். பதில் சொல்ல அதற்கும் ஆசைதான். மூடிய வாய் திறக்க வரவில்லை, பாவம்.

மற்ற செடிகள் பேச்சை விட்டது ஏன் என்று எனக்குத் தெரியாது. கற்றாழை விட்டது இப்படித்தான். அன்று முதல்தான், மண் மாற்றி வைத்தவர்கள் ஒரு வாரம் அதற்குத் தண்ணீர் காட்டுவதில்லை. ஆனாலும் தினம் ஒரு தடவை பக்கத்தில் போய் நின்று, அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊற்ற மனசு துடிக்கத் துடிக்கத் திரும்பி வராதவர்கள் யாராவது உண்டா, சொல்லுங்கள்.