செவலை கூட்டிட்டுப் போன கல்யாணப் பொண்ணு

ஒரு ஊர்ல ஒரு பல் டாக்டர் இருந்தா. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துல. அவ பேரு பூவாத்தா. ஏன் சிரிக்கிற? பல் டாக்டருக்குப் பூவாத்தான்னு பேர் இருக்கக் கூடாதா? காலை நீட்டிப் படு. நடுநடுவுல ‘ம்’ சொல்லணும், இல்லேன்னா நிறுத்திருவேன்.

"ம்."

ஆங். அந்தப் பூவாத்தா வாரம் பூரா ஊர்க்காரங்களை "ஆ காட்டுங்க, ஆ காட்டுங்க"ன்னு சொல்லிச் சொத்தைப் பல்லைப் பிடுங்குவா. ஞாயித்துக்கிழமை வந்தா வேற ஒரு வாயைத் தேய்க்கப் போயிருவா. அது ஆளு வாயில்ல. ஒரு லாரியோட வாய்!

வெள்ளைக்காரன் காலத்துக் குட்டி லாரி அது. ஒரு கொப்பரைக் களத்து மூலையில துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. உள்ள சீட்டு மேல ஒரு கோழி அடை படுத்திருந்துச்சு. பூவாத்தா பார்த்தா. லாரிக்கு முன்னாடி கம்பி கம்பியா இருந்துச்சா, அது அவளுக்குப் பல்லு மாதிரியே தெரிஞ்சுது. "ஐயோ பாவம், இத்தனை பல்லும் சொத்தை"ன்னு சொல்லி வீட்டுக்குக் கட்டி இழுத்துட்டு வந்துட்டா. அந்தக் கோழியும் கூடவே வந்துருச்சு, அது வேற கதை.

அப்புறம் வருஷக்கணக்கா அதே வேலைதான். பழைய எஞ்சினைக் கழட்டிட்டுப் பெரிய எஞ்சினா வெச்சா. கூரையை அறுத்துத் தாழ்வாக்கினா. பின்னாடி அகலமா ரெண்டு சக்கரம், பக்கத்துக்கு ஒரு புகைக்குழாய். மொளகாப்பழச் செவப்புல பெயின்ட் அடிச்சு, மூஞ்சியில தீ எரியற மாதிரி படம் போட்டா. செவலைன்னு பேரும் வெச்சா. செவப்பா இருக்கிற மாட்டை அப்படித்தானே கூப்பிடுவோம்?

"ம்."

ஆனா பாரு, அந்தச் செவலையை யாரும் தொடக் கூடாது. ஒரு ஈ உக்காந்தாலும் ஓடி வந்து, அந்த இடத்தைத் துணியால தொடைப்பா. ஞாயித்துக்கிழமை காலையில போர்வையை எடுப்பா, பல்லுத் தேய்க்கிற மாதிரி முன்கம்பியைத் தேய்ப்பா, எண்ணெய் பார்ப்பா, தண்ணி பார்ப்பா, சாவியைத் திருப்புவா. டுபுக்... டுபுக்... டமடமடமடம... ட்ரூம்ம்ம்! கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு நிப்பா. வீதி முக்கு வரைக்கும் ஓட்டிட்டுப் போவா, திரும்பி வருவா, போர்வையைப் போர்த்திருவா. அவ்வளவுதான். ரோட்டுல போனா தூசி படுமாம், கல்லு படுமாம், காக்கா எச்சம் போடுமாம்!

எதிர்வீட்டுல ராக்கியப்பன்னு ஒருத்தர். அவர்கிட்ட ஒரு எருமை இருந்துச்சு. செவலை ட்ரூம்முன்னா எருமை உதைக்கும், பால் குண்டா உருண்டு லொட லொட லொடன்னு வீதிக்கு ஓடும்.

"ஏனுங்க டாக்டரம்மா, இது வண்டியா வெடிக்கடையா? எங்க எருமை பாலே சுரக்க மாட்டேங்குது!"

"உங்க எருமையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க ராக்கியண்ணா."

"எருமை எங்க தாத்தா காலத்துல இருந்து அங்கதாங்க நிக்குது!"

அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. அப்புறம் ராக்கியப்பன் மக சிந்தாமணிக்குக் கல்யாணம் வந்துச்சு. வீதி பூரா பத்திரிகை வெச்சாரு. பூவாத்தா வீட்டு வாசல் வந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் தாண்டிப் போயிட்டாரு. பூவாத்தா ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா. "போனாப் போகட்டும்"னு சொன்னா. ஆனா அன்னைக்கு அவளுக்குச் சோறு எறங்கல.

"ஏன் எறங்கல?"

மனசு ஒரு மாதிரி இருந்தா எறங்காது கண்ணு. உனக்குக்கூடத்தான்.

கல்யாணம் ஒரு ஞாயித்துக்கிழமை, மலையடிவாரத்துக் கோயில் மண்டபத்துல. பொண்ணோட அம்மாவும் சொந்தக்காரங்களும் விடியறதுக்கு முன்னாடியே வேன்ல போயிட்டாங்க. வீட்டுல மிச்சம் இருந்தது பொண்ணும், அப்பாவும், சீர்த்தட்டோட மூணு அத்தைங்களும்தான். பொண்ணு போறதுக்கு வாடகைக் காரு வாசல்ல நிக்குது, பூ அலங்காரம் எல்லாம் பண்ணி. அப்போ அந்த டிரைவர் என்ன பண்ணினான்? கிணத்து மேட்டுல சாஞ்சுக்கிட்டு, சாவியை விரல்ல மாட்டி சுர்ர்ர்... சுர்ர்ர்னு சுத்தினான்.

ப்ளக்!

"கிணத்துக்குள்ளயா?"

கிணத்துக்குள்ளதான்! அத்தைங்க மூணு பேரும் எட்டிப் பார்த்தாங்க. தண்ணியில அவங்க மூஞ்சி மூணும் தெரிஞ்சுது, சாவி தெரியல. முகூர்த்த நாளாச்சே, எங்க கேட்டாலும் வண்டி இல்ல. மாப்பிள்ளைக்கு ஒரு பெரியப்பா இருந்தாரு, முன்கோபக்காரரு. நேரம் தவறினா கல்யாணமே வேண்டாம்னு எந்திரிச்சுப் போயிருவாரு. ராக்கியப்பனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

அப்போ எதிர்வீட்டுல... டுபுக். டுபுக். அப்புறம் சத்தமே இல்ல.

ராக்கியப்பன் மெதுவா போய் அவ வீட்டு கேட்டுக்குப் பக்கத்துல நின்னாரு. பட்டு வேட்டி, தோள்ல ஜரிகை அங்கவஸ்திரம்.

"டாக்டரம்மா... பல்லு வலிங்க."

"எந்தப் பல்லுங்க?"

"எல்லாப் பல்லும்ங்க."

அப்போ சிந்தாமணி சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஜல் ஜல் ஜல்னு வீதியைத் தாண்டி வந்தா. "அக்கா, அப்பாவுக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு. எங்களை மண்டபத்துல கொண்டுபோய் விடுங்க அக்கா!"

பூவாத்தா செவலையைப் பார்த்தா. பொண்ணு தலையில இருக்கிற பூவைப் பார்த்தா, அத்தைங்க கையில இருக்கிற சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தா, தட்டுல அடுக்கின மாம்பழத்தைப் பார்த்தா. எல்லாம் சீட்டுல ஒட்டுமே! "இது ரொம்ப தூரம் போனதில்லையேம்மா"ன்னு இழுத்தா.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க ஸ்டார்ட் பண்றப்ப நான் மாடியில நின்னு கேப்பேங்க்கா. அப்பாவுக்குத் தெரியாது. ஒரு நாளாவது இதுல ஏறணும்னு எனக்கு எத்தனை ஆசை தெரியுமா?"

இத்தனை வருஷத்துல பூவாத்தாகிட்ட யாருமே இப்படிச் சொன்னதில்ல. கையில இருந்த தொடைக்கிற துணியைத் தூக்கிப் போட்டுட்டு, "ஏறு"ன்னா.

"ம்."

ஏறிட்டாங்க. முன்னாடி பூவாத்தாவும் பொண்ணும். பின்னாடி சாமான் ஏத்தற தொட்டியில ராக்கியப்பனும் அத்தைங்களும். சாவியைத் திருப்பினா, டுபுக். மறுபடி திருப்பினா, டிக். வீதி முக்கோட திரும்பிட்டே இருந்தா பேட்டரி எப்படி ஏறும்? நோஞ்சானாகிக் கெடக்குது.

"தள்ளணும்"னா பூவாத்தா.

பெரியத்தை, நடு அத்தை, சின்னத்தை மூணு பேரும் எறங்கி, சேலையை இழுத்துச் சொருகினாங்க. ராக்கியப்பனும் எறங்கினாரு. "தள்ளு ஐலசா! தள்ளு ஐலசா!" நகர மாட்டேங்குது. அப்போ சிந்தாமணியும் எறங்கி வந்தா, மாலையைப் பின்னாடி தள்ளிவிட்டுக்கிட்டு. "கல்யாணப் பொண்ணு லாரி தள்றாளே!"ன்னு பெரியத்தை கத்த, அவ தோள் குடுத்து ஒரு தள்ளு தள்ளினா. கட கட கட... டுபுக்... டமடமடமடம!

ஓடி ஓடி ஏறினாங்க. செவலை வீதி முக்குக்கு வந்துச்சு. எப்பவும் திரும்பற இடம். பூவாத்தா கை தன்னால ஸ்டீரிங்கைத் திருப்பப் பார்த்துச்சு. "நேரா போங்க்கா!"ன்னா சிந்தாமணி. நேரா போயிட்டா.

அப்புறம் காத்து வீசுது, தென்னந்தோப்பு ஓடுது, காத்தாலை எல்லாம் வுய்ங்... வுய்ங்னு சுத்துது. பின்னாடி அத்தைங்களுக்குக் கொண்டை அவுந்து பறக்குது. பாதி வழி போயிருப்பாங்க. திடீர்னு டப்பு! அப்புறம் புஸ்ஸ்ஸ்ஸ்னு வெள்ளைப் புகை.

"செத்துருச்சா?"

சாகல, சாகல. எஞ்சினுக்குப் பக்கத்துல ஒரு காத்தாடி இருக்கும். அதைச் சுத்த வைக்கிற ரப்பர் வார் அறுந்துபோச்சு. காத்தாடி நின்னா எஞ்சின் சூடாகி, தண்ணி கொதிச்சு வெளிய வந்துரும். பூவாத்தா மூடியைத் தொறந்து பார்த்தா. கடைக்குப் போக வழியில்ல. அவ கண்ணு ராக்கியப்பன் தோள்ல போய் நின்னுச்சு.

"ராக்கியண்ணா, உங்க அங்கவஸ்திரம்."

"என்னோடதா? இது காஞ்சிபுரமுங்க! ஜரிகைங்க! பொண்ணோட அப்பன் வெறுந்தோளோட நிக்கறதா?"

"அப்பா!"ன்னா சிந்தாமணி.

கழட்டிக் குடுத்தாரு, கன்னுக்குட்டியைக் குடுக்கற மாதிரி. பூவாத்தா அதைக் கயிறு மாதிரி முறுக்கி, அந்த வார் இருந்த காத்தாடிச் சக்கரத்துல மாட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டா. மிச்சத்தைப் பெரியத்தையோட பாக்குவெட்டியால நறுக். ராக்கியப்பன் கண்ணை மூடிக்கிட்டாரு.

"இப்ப தண்ணி வேணும்."

தண்ணி எங்க இருக்கு? சின்னத்தை மடியில ஒரு கேன் இருந்துச்சு. நிறையப் பன்னீர். "இது விருந்தாளிங்க மேல தெளிக்க வெச்சதுங்க!"ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "இன்னைக்கு முதல் விருந்தாளி செவலைதான் அத்தை"ன்னு சிந்தாமணி பிடுங்கிக் குடுத்தா. கொஞ்ச நேரம் சூடு ஆற விட்டாங்க. ராக்கியப்பன் மலையையே பார்த்துக்கிட்டு மூக்கை உறிஞ்சினாரு. பூவாத்தா அவரைப் பார்த்தா. அப்புறம் களக் களக் களக்னு பன்னீரை ஊத்தினா. மறுபடியும் "தள்ளு ஐலசா!" டமடமடமடம! போற வழியெல்லாம் வாசனை. வேலியோரம் நின்ன வெள்ளாடு எல்லாம் மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச்சு.

"ம்..."

தூங்கிட்டியா? இன்னும் ஒரு கஷ்டம் இருக்கு. மலையடிவாரம் வந்துருச்சு, கோபுரம் தெரியுது. அங்க ரோடு பூரா ஆடு! செம்மறி ஆடு. மே... மே... மேன்னு முன்னாடியும் ஆடு, பக்கத்துலயும் ஆடு. ஹார்ன் அடிச்சா, பீ...ன்னு எலிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம். வருஷக்கணக்கா எஞ்சினைப் பார்த்தவ, ஹார்னைப் பார்க்கவே இல்ல! ஒரு ஆடு திரும்பிப் பார்த்துட்டு, அங்கயே படுத்துருச்சு.

பூவாத்தா மெதுவா ஆக்ஸிலேட்டரைத் தொட்டா. ட்ரும். வீதியில பேச்சு வாங்கி வாங்கி அவ காலுக்கு அதுக்கு மேல அமுக்கவே வராது.

அப்போ பின்னாடி இருந்து ஒரு குரல். "டாக்டரம்மா! இன்னும் சத்தமா!"

யாரு சொன்னது?

"ராக்கியப்பன்!"

அவரேதான்! தொட்டியில எந்திரிச்சு நின்னு கூரையைத் தட்டறாரு. "எங்க எருமை குண்டாவை உருட்டுச்சே, அந்தச் சத்தம் போடுங்க! அமுக்குங்கம்மா!"

அமுக்கினா பாரு. ட்ரூம்ம்ம்ம்ம்! டமடமடம ட்ரூம்ம்ம்ம்ம்! மலையில பட்டுத் திரும்பி வருது சத்தம். ஆடெல்லாம் துள்ளிக் குதிச்சு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. தலைப்பாயை எறிஞ்சுட்டு ஆட்டுக்காரரும் ஓரத்துக்கு ஓடினாரு. நடுவுல செவலை பாஞ்சு போகுது.

மண்டபத்துலயோ, நாதஸ்வரக்காரர் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிப்போய் உக்காந்திருக்காரு. மாப்பிள்ளை வாசலையே பார்க்கறான். அந்தப் பெரியப்பா செருப்பைத் தேடிக்கிட்டே, "எந்திரிங்க, கெளம்பலாம்"னு சொல்றாரு. அப்போ தூரத்துல, ட்ரூம்ம்ம்!

"என்னது, இடியா?"ன்னாரு பெரியப்பா.

சிந்தாமணியோட அம்மா குதிச்சு எந்திரிச்சா. "இடியில்லீங்க! எங்க வீதி வண்டிங்க! எம்பொண்ணு வந்துட்டா! உக்காருங்க, உக்காருங்க!" பெரியப்பா ஒத்தைச் செருப்போட அப்படியே உக்காந்துட்டாரு.

டும் டும் டும் பீப்பீ! தாலி கட்டியாச்சு. வெறுந்தோளோட நின்ன ராக்கியப்பனுக்குச் சமையல்காரர் ஒரு ஈரிழைத் துண்டு குடுத்தாரு. அதுல சாம்பார் கறை இருந்துச்சு, அவர் பார்க்கவே இல்ல. பூவாத்தாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, முதல் பந்தியில, முதல் எலையில உக்கார வெச்சு, அவரே சோறு போட்டாரு.

"டாக்டரம்மா, சத்தம் சத்தம்தாங்க. நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"நானும் சொல்ல மாட்டேன் ராக்கியண்ணா."

"எருமையைக் கொல்லைப்பக்கமா கட்டிக்கறேன். இன்னும் ஒரு கரண்டி பாயசம் போடட்டுங்களா?"

அன்னைக்கு அவளுக்குச் சோறு நல்லா எறங்குச்சு.

"ம்..."

அப்புறம் பூவாத்தா வெளிய வந்தா. செவலை நிக்குது. பின்னாடி பூரா அத்தைங்க தள்ளின சந்தனக் கை அச்சு, பெருசு ஒண்ணு, நடு ஒண்ணு, சின்னது ஒண்ணு. சீட்டுல மாம்பழம். தொட்டியில அட்சதை, நசுங்கின பூ. தீப்படத்து மேல ஆட்டுப் புழுக்கைகூட ஒட்டியிருக்கு! இடுப்புல துணியைத் தேடினா. துணியைத்தான் வீட்டுலயே போட்டுட்டு வந்துட்டாளே. முந்தானையை எடுத்தா. சந்தனக் கையைத் தொடைக்கப் போனா... தொடைக்கல. தன்னோட கையை அது மேல வெச்சுப் பார்த்தா. சிரிச்சா.

மாப்பிள்ளையும் சிந்தாமணியும் அத்தைங்களும் வந்து தள்ளிவிட்டாங்க. டமடமடம! வீட்டுக்குப் போற வழி இடது பக்கம். பூவாத்தா வலது பக்கம் திருப்பினா. சும்மாதான். எங்கயும் போகணும்னு இல்ல. செருப்பைக் கழட்டிப் போட்டா, ஜன்னலை எறக்கி விட்டா, வாய்க்கு வந்த பாட்டைப் பாடினா. காத்தாலைக்கு நடுவுல, வாய்க்கால் மேட்டுல, சோளக்காட்டு ஓரமா, செவலை ஓடு ஓடுன்னு ஓடுச்சு. தூசின்னா தூசி, அப்படி ஒரு தூசி!

அப்புறம் சுத்திச் சுத்தி ஊருக்குப் போற ரோட்டுக்கே வந்து, ஒரு புளியமரத்துக்கிட்ட, டுபுக்... டுபுக்... நின்னுருச்சு.

"கெட்டுப்போச்சா?"

இல்ல கண்ணு. பெட்ரோல் தீந்துபோச்சு. வீதி முக்கு வரைக்கும் போற வண்டிக்கு எதுக்குன்னு ஒரு சொட்டுதான் ஊத்தி வெப்பா. கல்யாண வேன் சாயங்காலம் அந்த வழியாத்தான் வரும். அதுவரைக்கும் என்ன பண்றது? தொட்டியில ஏறி, அட்சதையைத் தள்ளிவிட்டுட்டு, பூ மேல நீட்டிப் படுத்தா. மேல புளிய எலை ஆடுது. காத்தாலை வுய்ங்... வுய்ங்... எஞ்சின் ஆறி ஆறி, டிக்... டிக்... டிக்... பன்னீர் வாசனை. பூவாத்தா கொட்டாவி விட்டா. ஆ...ன்னு பெருசா. அப்புறம் கண்ணு சொக்கிருச்சு.

"..."

செவலையும் தூங்கிருச்சு, டாக்டரும் தூங்கிட்டா. கதையில பெட்ரோல் தீந்துபோச்சு சாமி, நீயும் தூங்கு.