பூவாத்தா பிய்த்த கூடுகள்

அந்தக் காலத்தில் குருவி திட்டினால் ஓணானும் நின்று திருப்பித் திட்டும். எல்லாருக்கும் வாய் இருந்தது. ஒரு தோட்டத்துக் கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் குடியிருந்தன. வாய் இருந்த அளவுக்கு அவற்றுக்குப் புத்தி இருந்ததா என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த மரத்தின் சட்டம் அப்படி.

இறகு முளைத்த ஆண்குஞ்சுகளை அடி ஓலையில் உட்காரவைத்து, ஒரே ஒரு பருவம் நார் பின்னக் கற்றுக்கொடுப்பார்கள். வளர்ந்து தலையில் மஞ்சள் ஏறிவிட்டால் படிப்பு முடிந்தது. அதற்குமேல் யாரிடமாவது எதையாவது கேட்டால் கேவலம். கட்டிய கூட்டைப் பிரிக்கவும் கூடாது. பிரித்தால் மரத்துக்கே ஆகாது என்பார்கள். கூடு முழுசாக முடிந்து, வாசல் குழாயும் தொங்கி, உள்ளே முட்டையும் இட்ட பிறகுதான் அது தாங்குமா தாங்காதா என்பது தெரியவரும். முட்டையை உள்ளே வைத்துப் பரீட்சை நடத்திய ஊர் அது.

பூவாத்தா என்ற பெண்குருவிக்கு அந்தப் பரீட்சை ஒரு புரட்டாசியில் நடந்தது. அவள் புருஷன் மாயாண்டி கட்டிய கூடு ஒரே காற்றுக்குக் கழன்று கிணற்றில் விழுந்தது. உள்ளே மூன்று முட்டைகள். கூடு கொஞ்ச நேரம் மிதந்தது. அவள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, அது முழுகும் வரை பார்த்தாள்.

குறை எங்கே என்று மாயாண்டிக்கே தெரியும். ஓலையில் போடுகிற முதல் முடிச்சு அவனுக்கு வராது. குஞ்சாக இருந்தபோதே தப்பாகப் பழகிவிட்டான். ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து விட்டுவிடுவான். அதைத் திருத்துவதற்குள் தலை மஞ்சளாகிவிட்டது. பிறகு யாரைக் கேட்பது? பக்கத்துக் கருவேலமரத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டு, "நமக்கு வாய்ச்சது அவ்வளவுதான் புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறு ஆண்டு ஆவணியில் பூவாத்தாவுக்கு மறுபடி வயிறு கனத்தது. அவள் நேரே கருவேலமரத்துக்குப் பறந்தாள்.

"மாமா, எந்திரி. அடி ஓலைக்குப் போயி குஞ்சுகளோட உக்காரு."

"என் வயசு என்ன புள்ள? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். போன தடவ எம்முட்டை விழுந்தப்ப இந்த ஊரு அழுதுச்சா?"

மாயாண்டி கருவேலமரத்தை விட்டு எழுந்தான். போய் உட்கார்ந்தான். குஞ்சுகளுக்குக் கொண்டாட்டம். "சித்தப்பா, உங்களக் கொண்டாந்து விட்டது யாரு, சித்தியா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தன. அவனும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான், குருவிக்குப் பல் இருந்திருந்தால்.

குஞ்சுகள் முடிச்சை ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டன. வெட்டுக்கிளி ஒன்று தாவினால் அதைத் துரத்திக்கொண்டு போய், திரும்பி வரும்போது பாதியை மறந்துவிட்டன. மறந்ததைப் பற்றிக் கவலையும் படவில்லை. மாயாண்டிக்கு அப்படி வரவில்லை. நாரை எடுத்ததும் அலகு தானாகப் பழைய வழியில் சுற்றியது. புதியதைக் கற்பதற்கு முன் பழையதை மறக்க வேண்டியிருந்தது. குஞ்சுகளுக்கு ஒரு காலைப்பொழுது பிடித்த வேலை அவனுக்கு நாலு நாள் பிடித்தது. ஆனால் ஒரு முடிச்சு ஏன் நிற்கிறது, ஏன் வழுக்குகிறது என்று அவன் யோசித்தான். குஞ்சுகள் எதுவும் அதை யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் பெரிய மஞ்சளார் இறங்கி வந்தார். மரத்துக்குத் தலைவர், உச்சி ஓலைக்காரர்.

"மஞ்சத் தலைய வச்சிக்கிட்டு குஞ்சு ஓலையில ஒனக்கு என்னடா வேலை?"

மாயாண்டி ஓலைக்குள் ஒடுங்கினான். பூவாத்தா நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"நாந்தான் உக்காரச் சொன்னேன்."

"படிக்கிறதுக்குன்னு ஒரு வயசு இருக்கு, ஆத்தா. அது போனா போனதுதான்."

"யாரு சொன்னா?"

"இந்த மரத்துல காலங்காலமா அதான் வழக்கம்."

"இந்த மரம் எத்தனை வயசானாலும் புதுசா ஓலை விடுதே பெரியவரே. அதுகிட்டயும் போயி வயசாயிருச்சுன்னு சொல்லுங்களேன்."

பெரிய மஞ்சளார் இறகைச் சிலிர்த்துக்கொண்டார். "சரி, கட்டட்டும். அது விழுந்துச்சுன்னா ரெண்டு பேரும் மரத்த விட்டுப் போயிரணும். ஒரே கூடுதான்" என்றார்.

மாயாண்டி நாணல் கிழித்து வந்தான். முடிச்சுப் போட்டான், வளையம் கட்டினான், வளையத்துக்கு மேலே கூரை வேய்ந்தான். பாதிக்கூடு ஆனதும் பூவாத்தா, "நிறுத்து" என்றாள்.

மரம் முழுக்க எட்டிப் பார்த்தது. அவள் பறந்து போய் வளையத்தைக் கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினாள். தன் கனத்தை எல்லாம் போட்டு ஆடினாள். உலுக்கினாள். முடிச்சு முதலில் நின்றது, பிறகு மெல்ல நழுவியது. அவளே அதை அலகால் பற்றி இழுத்துப் பிய்த்துக் கிணற்றில் எறிந்தாள்.

"பிரிச்சுட்டா! கூட்டப் பிரிச்சுட்டா!" என்று மரமே அலறியது.

"பாவி, மரத்துக்கு ஆகாதுடி!" என்று பெரிய மஞ்சளார் கத்தினார். "விழுந்திருச்சில்ல? எறங்குங்க ரெண்டு பேரும்!"

பூவாத்தா அசையவில்லை. "இப்ப விழுந்ததுல என்ன இருந்துச்சு? புல்லு. போன வருசம் விழுந்ததுல எம்புள்ளைங்க இருந்தாங்க. அன்னைக்கு யாரும் பாவம்னு சொல்லல. எது பாவம்? சொல்லுங்க, கேட்டுட்டு எறங்குறேன்."

யாரும் சொல்லவில்லை. அதனால் அவள் இறங்கவும் இல்லை.

இரண்டாவது கூட்டில் முடிச்சு நின்றது, காய்ந்த நார் என்பதால் வளையம் முறிந்தது. மூன்றாவது கோணல். நாலாவதைப் பிய்த்தபோது மாயாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"போதும் புள்ள. என்னால ஆகாது."

"எனக்கு மட்டும் ஆகுதா? வயித்தத் தூக்கிக்கிட்டு நாலு தடவ தொங்கியிருக்கேன்" என்றாள் அவள். உண்மையில் அவளுக்குப் பயமாக இருந்தது. முட்டையிட இரண்டு நாள்கூட இருக்காது. ஆனாலும் அந்தப் பயத்துக்காக ஒரு கெட்ட கூட்டை நல்ல கூடு என்று சொல்ல அவள் தயாராக இல்லை.

அவன் பச்சை நாராகத் தேடிக் கொண்டுவந்தான். ஐந்தாவது பாதிக்கூட்டில் அவள் தொங்கினாள், ஆடினாள், முடிச்சைக் கடித்து இழுத்தாள். அது அசையவில்லை. வளையத்தில் ஏறி உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் என்று மாயாண்டி நினைத்தான். கோபத்தில் அழுதாள். இந்தச் சில நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய காரியம்தான் என்றால், போன வருஷம் இவனை ஏன் கற்கவிடவில்லை என்ற கோபம்.

அவன் மீதிக் கூட்டையும் குழாயையும் ஒரே மூச்சில் முடித்தான். அவள் மூன்று முட்டை இட்டாள்.

புரட்டாசிக் காற்று ஒரு நடுப்பகலில் வந்தது. பனை கிணற்றின் மேல் குனிந்து குனிந்து எழுந்தது. பூவாத்தா முட்டைகளின் மேல் கவிந்துகொண்டு உள்ளேயே கிடந்தாள். காற்று ஓய்ந்ததும் வாசல் வழியே தலையை நீட்டிப் பார்த்தாள். கிணற்றில் மூன்று கூடுகள் மிதந்தன. மூன்றும் ஒழுங்காகப் படித்து முடித்தவர்கள் கட்டியவை. சுவரில் மூன்று தாய்க்குருவிகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. அவள் கூட்டைவிட்டு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து நாள் கழித்து அந்த மூன்று புருஷன்மாரும் தலையில் மஞ்சளோடு அடி ஓலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நார் கிழித்து வந்து கட்ட ஆரம்பித்தார்கள். பாதி ஆனதும் மூன்று இடத்திலிருந்து, "நிறுத்து" என்ற குரல் வந்தது. பெரிய மஞ்சளார் உச்சி ஓலையிலிருந்து, "சட்டம்! சட்டம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பெண்குருவிகள் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைகீழாகத் தொங்கி உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி எத்தனை வயதானாலும் பாதிக்கூட்டோடு நிறுத்திவிட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறது. அவள் தொங்கிப் பார்த்து வேண்டாம் என்று பறந்துவிட்டால், வெட்கப்படாமல் பக்கத்து ஓலையில் முதல் முடிச்சிலிருந்து மறுபடி தொடங்குகிறது.