மாசானமுத்துவின் முடியாத ஜெபம்

பனை உச்சியில் மாசானமுத்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு கால் மட்டைக்குள் மாட்டியிருந்தது. மற்றக் கால் காற்றில். கீழே ஊரே நின்று கத்தியது. அவனோ மேலே பாட்டுப் பாடினான். போதை அப்படி!

ரயில் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. செம்மணலும் பனையும் தவிர வேறெதுவும் இல்லாத தேரிக்காட்டில் அவன் ஒரு பனையேறி. ஏறினால் கள், இறங்குமுன் குடி. அவ்வளவுதான் அவன் பிழைப்பு.

நாலு பேர் ஏறி, அவிழ்த்து, மூட்டை மாதிரி இறக்கினார்கள். மனைவி பொன்னுக்கிளி அழவில்லை.

"இன்னொரு தடவை குடிச்சிட்டு ஏறிப் பாரும். நான் பிள்ளையத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். உம்ம பொணத்தைப் பாக்க என்னால ஆகாது."

சொன்னால் செய்கிறவள் அவள்.

அவனும் முயற்சி செய்யாமல் இல்லை. அம்மன் முன்னால் எரிகிற சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். சூட்டுக்காயம் ஆறுமுன் குடித்தான். கள் இறக்கும் கலயத்தைப் போட்டு உடைத்தான்; அடுத்த மரத்துக் கலயம் உடையாமல் இருந்ததே! கையைத் தூணோடு கட்டச் சொன்னான். அவனுடைய குடிக்கூட்டாளி கொம்பையா வந்து வாயிலே ஊற்றிவிட்டுப் போனான்.

ஒவ்வொரு முறையும் அழுதான். குடிகாரன் அழுகையை நம்பாதீர்கள். அவனே அதை நம்பவில்லை.

அந்த ஊரில் கப்பலேறி வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் இருந்தார். ஓப்பர் ஐயர் என்பார்கள். அவர் பேசும் தமிழ் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பாக நிற்கும். மாசானமுத்து அவரிடம் போனான்.

"ஐயரே, குடிய விடுன்னு மட்டும் சொல்லாதீரும். அத எல்லாரும் சொல்லியாச்சு."

"விட வேண்டாம். குடியும்," என்றார் ஐயர்.

மாசானமுத்துவுக்கு அவர் மேல் திடீர் மரியாதை வந்தது.

"ஆனால் குடிக்குமுன் ஜெபம் செய்யும். நீர் விழுந்து செத்தால் யார் யார் அழுவார்களோ, அத்தனை பேருக்காகவும் வேண்டிக்கொள்ளும். அவரவர்க்கு என்ன தேவை என்று போய்க் கேட்டு வந்து வேண்டிக்கொள்ளும். முடிந்ததும் குடியும்."

இவ்வளவு சுலபமான வேதமா! வீட்டுக்கு ஓடினான்.

"பொன்னு, சாமிகிட்ட உனக்கு என்ன கேக்கட்டும்?"

"கூரை ஒழுகுது. அதுக்குச் சாமி இறங்கி வரணுமா? நீரே மட்டை போடலாமே?"

வெட்கமாகிவிட்டது. கூரை வேய்ந்துவிட்டு வந்து ஜெபித்தான்.

மகள் செல்லத்தாயிடம் கேட்டான். அவள் காதோடு சொன்னாள்: "நீ மரத்துல பாடக் கூடாதுப்பா. நீ பாடுனா அம்மா உலையப் போட்டுட்டு மரத்தடிக்கு ஓடுது."

அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டான்.

அப்புறம் மாமனார். அப்புறம் மைத்துனன். அப்புறம் தினமும் அவனிடம் நுங்கு வாங்கித் தின்னும் கண் தெரியாத கிழவர். தனக்காக அழ இத்தனை பேரா என்று அவனுக்கே ஆச்சரியம். ஜெபம் நீண்டுகொண்டே போனது. காலையில் தொடங்கினால் உச்சி வெயிலாகிவிடும். அதற்குள் கலயத்துக் கள் புளித்துப்போகும்.

"உங்க சாமி பொறுமையாக் கேக்குறாரு. கள்ளு பொறுக்க மாட்டேங்குது," என்று ஐயரிடம் சண்டைக்குப் போனான்.

"அது உமது தொழில். வழி உமக்குத் தெரியாதா?"

தெரியும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பனஞ்சாறு சீக்கிரம் புளிக்காது. கொஞ்சமாகத் தடவினான். ஜெபம் இன்னும் நீண்டது; சுண்ணாம்பையும் கூட்டினான். கடைசியில் கலயம் முழுக்க வெள்ளை. உள்ளே இருந்தது கள் அல்ல, புளிக்காத தித்திக்கும் பதநீர். குடம் குடமாகக் குடித்தாலும் போதை ஏறாது! பரம்பரைப் பனையேறி தன் கள்ளுக்குத் தன் கையாலேயே குழி வெட்டிவிட்டான்.

சிரிக்காதீர்கள். அன்றைக்குக் கள் இல்லாமல் அவன் உடம்பு உதறியது. வேர்த்தது. கொம்பையா வீட்டுக் கள் வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. அவன் ஐயரிடம் ஓடினான்.

"ஐயரே, எனக்காகவும் நான் வேண்டிக்கலாமா?"

"அதற்குத்தான் காத்திருந்தேன்."

இருவரும் சுடு மணலில் முட்டி போட்டார்கள். மாசானமுத்துவுக்கு அழகான வார்த்தை எதுவும் வரவில்லை. "சாமி, இந்தக் கையப் பிடிச்சுக்கிடும். அது கள்ளுப் பக்கமே போகுது," என்றான். நெடுநேரம் அதையே சொன்னான். உதறல் நிற்கவில்லை. ஆனால் கை போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. தன்னை யாரோ பிடித்திருப்பதை அவன் உணர்ந்தான்.

கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை. நுரை பொங்கும் கலயத்தோடு மாசானமுத்து வீட்டுக்கு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தான்.

"என்னல, சாமியாரா ஆயிட்டியா? குடிக்கலாம்னு ஐயரே சொல்லியிருக்காருல்ல?"

"ஜெபம் முடியட்டும். உம் பேரு ஒண்ணுதான் பாக்கி. நான் செத்தா நீயும் அழுவ. உனக்கு என்ன வேணும், சொல்லு."

கொம்பையா கெக்கெக்கே என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலே நின்றது.

"துணைக்கு ஒரு ஆள் வேணும்ல. நீ வராம நான் ஒத்தையில உக்காந்து குடிக்கேன். நாய்கூடப் பக்கத்துல வரமாட்டேங்குது."

மாசானமுத்து கண்ணை மூடினான். "சாமி, இவனுக்குத் துணைக்கு ஆள் வேணுமாம்." கண்ணைத் திறந்தான். எழுந்து போய்க் கொம்பையாவை ஒட்டி உட்கார்ந்து, தோளில் கை போட்டான்.

"சரி, எல்லாப் பேரும் முடிஞ்சுது. குடிடா!" என்று கொம்பையா கலயத்தை நீட்டினான். அவனைப் பார்க்க வந்திருந்த ஐயரும் சொன்ன சொல் தவறாதவர்; வாசலில் நின்று, "ஆம், முடிந்தது. குடிக்கலாம்," என்றார்.

மாசானமுத்து தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. பொழுது சாயும்வரை கொம்பையாவோடு ஊர்க்கதை பேசினான். குடிக்கத்தான் சொன்னார்கள். அவன் குடிக்கவில்லை.

பிறருக்காக மனதார வேண்டுகிறவன், தன்னை வீழ்த்தும் பழக்கத்திலிருந்து தானும் எழுந்து நிற்பான்.