பஜ்ஜி வாசத்துக்குக் காத்திருந்த பெருச்சாளி

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை. அதன் கரையில், ஓட்டல் சுவரை ஒட்டி வளை தோண்டி, பஞ்சவர்ணம் என்ற பெருச்சாளி தன் குட்டிகளோடு குடியிருந்தது. பெயர்தான் பஞ்சவர்ணம். நிறம் என்னவோ சாக்கடை நிறம்தான்.

பஞ்சவர்ணத்துக்குத் தன் மூக்கின் மேல் அபாரப் பெருமை. வெயிலைப் பார்த்துப் பொழுது சொல்லும் பழக்கமே அதற்குக் கிடையாது. இட்லி ஆவி வந்தால் விடிந்தது. பிரியாணி தம் உடைத்தால் மத்தியானம். பஜ்ஜி வாசம் வந்தால் சாயங்காலம். பரோட்டாக் கல் காய்ந்தால் இருட்டிவிட்டது. இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அந்தக் கோடையில் வளைக்குள் இருக்க முடியாத புழுக்கம். பஞ்சவர்ணத்துக்கு மலைக்குப் போகும் ஆசை வந்துவிட்டது. தினமும் காலையில் வாழைக்காய் மண்டியிலிருந்து ஒரு லாரி சிறுமலைக்கு ஏறும். வாழைத் தார்களை ஏற்றிக்கொண்டு பொழுது சாயத் திரும்பும். அதில் தொற்றிக்கொண்டு போய் ஒரு பகல் காற்று வாங்கிவிட்டு வந்தால் என்ன? குட்டிகளுக்கு ஒரு மலைவாழைப் பழமும் கொண்டுவரலாமே.

குட்டிகளை யார் பார்த்துக்கொள்வது? பக்கத்து வளை மூஞ்சூறு குருவம்மாவிடம் போய் நின்றது. குருவம்மா மேலிருந்து வீசும் நாற்றம் அந்தத் தெருவுக்கே தெரியும். அது இருக்கும் பக்கம் பூனை எட்டிப் பார்க்காது. ஓட்டல் மாடிக் கடுவன் பூனை இந்தக் குட்டிகள் மேல் கண் வைத்து ரொம்ப நாளாகிறது.

"மதினி, ஒரு பகல் மட்டும் என் வளை வாசல்ல உக்காந்துக்கிறீகளா?"

"உக்காந்துக்கிறேன்த்தா. ஆனா பரோட்டாக் கல் காஞ்சதும் நான் இரை தேடப் போயிருவேன். பசி எனக்குத் தாங்காது."

"அதுக்குள்ள வந்துருவேன். பஜ்ஜி வாசம் வந்ததும் லாரியில ஏறிற மாட்டேனா?"

"மலையில பஜ்ஜி போடுவாகளா?"

"நல்லா கேட்டீக போங்க! பஜ்ஜி போடாத ஊரு எங்கயாச்சும் இருக்குமா?"

மறுநாள் விடியும்போதே குருவம்மா வளை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. இட்லி ஆவி பறக்கும்போது பஞ்சவர்ணம் லாரியில் ஏறிப் பதுங்கிக்கொண்டது.

மலை அப்படி ஒரு குளிர்ச்சி. பஞ்சவர்ணம் ஈரச் சருகில் புரண்டது. ஓடையில் கால் நனைத்தது. கீழே விழுந்து கிடந்த ஒரு பழுத்த பழத்தைக் குட்டிகளுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது. ரோட்டோரக் கட்டைச் சுவரில் ஒரு குரங்கு சும்மா உட்கார்ந்து தொடையைச் சொறிந்துகொண்டிருந்தது.

"யாரு, கீழயிருந்து வந்த ஆளா? லாரி எப்பக் கிளம்பும்னு தெரியுமா? சொல்லட்டுமா?" என்று கேட்டது.

"ஒண்ணும் வேண்டாம்ப்பா. என் மூக்கு சொல்லும்" என்றது பஞ்சவர்ணம். பழத்தைப் பறிக்கத்தான் இவன் பேச்சுக் கொடுக்கிறான் என்று அதற்கு நினைப்பு.

"சொன்னா சரி" என்று குரங்கு மறுபடி சொறியப் போய்விட்டது.

மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. எது வெயில், எது நிழல் என்றே தெரியவில்லை. பஞ்சவர்ணம் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. மிளகுக் கொடி வாசம் வந்தது. ஈரமண் வாசம் வந்தது. பஜ்ஜி வாசம் மட்டும் வரவில்லை. இன்னும் சாயங்காலம் ஆகவில்லை என்று நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

லாரி உறுமும் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால், தார் ஏற்றிய லாரி முதல் வளைவில் திரும்பி மறைந்துகொண்டிருக்கிறது!

பஞ்சவர்ணத்துக்கு உயிரே போய்விட்டது. குட்டிகளின் முகம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தது. கூடவே மாடிப் பூனையின் முகமும் வந்தது. வெட்கத்தை விட்டுக் குரங்கிடம் ஓடியது.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன். காலையிலேயே உங்கட்ட கேட்டிருக்கணும். இருட்டுறதுக்குள்ள போகலைன்னா என் பிள்ளைகளைப் பூனை தின்னுரும்ண்ணே."

குரங்கு சொறிவதை நிறுத்தியது. "உன் மூக்கு என்ன சொல்லுச்சு?"

"எங்க ஊர் நேரத்தைச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. பஜ்ஜி வாசம் இன்னும் வரலைன்னு உக்காந்திருந்தேன்."

"பஜ்ஜியா? இங்க கடையே கிடையாதே, தாயி!" குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடித்து முதுகைக் காட்டியது. "ஏறு. கீழ் வளைவுக் கோயில்ல சூடம் கொளுத்தாம டிரைவர் மலையிறங்க மாட்டான். லாரி சுத்திச் சுத்தித்தான் அங்க வரணும். நாம நேரா இறங்கிரலாம். அந்தப் பழத்தை இங்கிட்டுக் குடு."

குட்டிகளுக்கென்று வைத்த பழம். பஞ்சவர்ணம் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, குரங்கின் முதுகு மயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கிளைக்குக் கிளை, பாறைக்குப் பாறை. கோயில் முன்னால் சூடம் அணைவதற்குள் குரங்கு அதை லாரிக்குள் போட்டுவிட்டது.

லாரி ஊருக்குள் நுழையும்போதே பரோட்டா வாசம் தெருவெல்லாம் பரவியிருந்தது. அத்தனை நாள் நாக்கில் எச்சில் ஊற வைத்த வாசம் அன்றைக்குப் பூனையைத்தான் ஞாபகப்படுத்தியது. லாரி நிற்பதற்குள் பஞ்சவர்ணம் குதித்து ஓடியது.

சாக்கடைக்கு அந்தப் பக்கம் கடுவன் பூனை உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், வளை வாசலை அடைத்துக்கொண்டு குருவம்மா. பசியில் அதன் வயிறு ஒட்டிப்போயிருந்தது. உள்ளே குட்டிகள் கீச்சுக் கீச்சென்று கத்தின.

"இரை தேடப் போகலையா மதினி?" என்று கேட்டது பஞ்சவர்ணம்.

"எப்படிப் போவேன்? அந்தா உக்காந்திருக்கான் பாரு. உன் மூக்கை நம்பியிருந்தா உன் பிள்ளைக போயிருக்கும்த்தா. என் நாத்தத்தாலதான் பிழைச்சுதுக" என்று சொல்லிவிட்டு, குருவம்மா தள்ளாடித் தள்ளாடி இரை தேடப் போனது.

வெளியூர் போனால் அந்த ஊர்க்காரரிடம் கேட்டுத்தான் நடக்க வேண்டும். நம் ஊரில் தப்பாத கணக்கு இன்னொரு ஊரில் நம்மைக் கவிழ்த்துவிடும்.