ஏழு நானோடெஸ்லா

இரும்புக்கு அனுமதி இல்லாத இடம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து ஆறு மைல் தள்ளி, கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன மர வீடு. ஆணி எல்லாம் பித்தளை. கதவுக் கொண்டிகூடப் பித்தளை. பூமியின் காந்தம் எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வாராவாரம் அங்கேதான் அளப்பார்கள்.

அந்த நிலையத்துக்குப் பொறுப்பு பியூலா மேடம். வாசலில் ஒரு தாம்பாளம் வைத்திருப்பார். சாவி, கைக்கடிகாரம், பெல்ட், ஊக்கு எல்லாம் அதில் விழுந்தாக வேண்டும். பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் நூலில் தொங்கும் காந்த முள், அதன் கீழே அளவுக் கோடுகள். சந்தேகமான பொருளை அதன் பக்கத்தில் காட்டுவார். முள் அசைந்தால் பொருள் வெளியே. ஒருமுறை பார்வையிட வந்த பெரிய அதிகாரியின் பெல்ட்டையே கழற்ற வைத்துவிட்டார். பாவம் மனிதர், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டேதான் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தார்.

அவரிடம் வேலை கற்க வந்தவர் கோமதிநாயகம். மனைவி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒன்பது வருஷம் ஆளுக்கொரு ஊரில் கிடந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மாற்றல். இவருக்கு அளவெடுக்க வரும் என்று மேடம் கையெழுத்துப் போட்டால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பழைய ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கெடு பதினாலாம் வாரத்து வெள்ளிக்கிழமை.

சோதனை லேசானதுதான். ஒரே காலையில் முதலில் மேடம் அளப்பார், அடுத்து இவர். பூமியின் காந்தம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அந்த மாற்றத்தைப் பதிய நிலவறையில் தனியாக ஒரு கருவி இருக்கிறது. அதைக் கழித்துவிட்டால் யார் பார்த்தாலும் ஒரே எண் வர வேண்டும். காந்தத்தை நானோடெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். நாற்பதாயிரத்தில் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். அவ்வளவுதான்.

கோமதிநாயகத்துக்கு ஏழு குறைந்தது. அடுத்த வாரமும் ஏழு. அதற்கடுத்த வாரமும் அதே ஏழு.

மோதிரத்தைக் கழற்றினார். அரைஞாண் கயிற்றை அறுத்தார். வேட்டி பனியனோடு போய் அளந்தார். பல்லில் அடைத்த சிமென்ட்டைக்கூடச் சந்தேகப்பட்டார். பதின்மூன்று வாரமும் அந்த ஏழு சனியன் விடவில்லை.

"மேடம், கருவி பழசாயிடுச்சோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"பழசுதான். ஆனா எனக்குச் சரியாத்தானே காட்டுது."

வெள்ளிக்கிழமை காலை வந்தது. அளந்தார். ஏழு குறைந்தது. அன்று காலை மனைவி டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு எப்படியும் வந்துரும், பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தார். ஏழு கூட்டி எழுதிவிட்டார். நிலையத்துப் பதிவேட்டில் மையால்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, தப்பென்றால் ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதெல்லாம் தெரிந்துதான் எழுதினார்.

அலுவலக அறையில் மேடம் பதிவேட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! நாயகம் சார், இன்னைக்கு என்னத்தைக் கழற்றினீங்க?"

"ஒண்ணும் கழற்றல மேடம்."

"பின்னே எப்படி ஒத்துப்போச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கூட்டிட்டேன் மேடம். ஏழு."

மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. பதிவேட்டைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார்.

"கைத்தப்புன்னா ஒருநாள் மூணு வரும், ஒருநாள் பத்து வரும். வாராவாரம் ஏழுன்னா அது கை இல்ல. இரும்பு."

"எங்கிட்ட இல்லவே இல்ல மேடம்."

"இல்லதான். நானே தேடிட்டேனே. அப்போ எங்கே இருக்கு?"

கோமதிநாயகம் அவர் முகத்தைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல மேடம்."

"மூஞ்சி சொல்லுதே. சொல்லுங்க."

"உங்க மூக்குக் கண்ணாடி... முள்ளுக்கிட்ட காட்டிப் பாத்திருக்கீங்களா?"

"நல்லா கேட்டீங்க! வாங்கின அன்னைக்கே காட்டினேன். முழுக்கப் பிளாஸ்டிக். முள் அசையவே இல்ல."

"எப்படி மேடம் பாத்தீங்க?"

"எப்படின்னா? கண்ணாடியைக் கழற்றி, முள்ளு பக்கத்துல பிடிச்சு..."

அங்கே நின்றுவிட்டார். கண்ணாடி இல்லாமல் பியூலா மேடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எருமை நின்றாலும் புகையாகத்தான் தெரியும். முள் எங்கே தெரியப்போகிறது?

எழுந்து வாசலுக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"நீங்க பிடிங்க. நீங்களே பாருங்க."

கோமதிநாயகம் பிடித்தார். முள் ஒரு கோடு நகர்ந்தது. கண்ணாடியை விலக்கினார், திரும்பி வந்தது. கிட்டே கொண்டுபோனார், மறுபடி நகர்ந்தது. காதில் மாட்டும் பிளாஸ்டிக் தண்டுக்குள் இரும்புக் கம்பி ஓடியிருக்கிறது. அந்த வாசலில் பார்க்கிற கண் அவருடையது மட்டும்தான். அசையவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மேடம் நம்பிவிடுவார்.

"என்ன ஆச்சு?"

"நகருது மேடம்."

"எவ்வளவு?"

"ஒரு கோடு. மேற்கே."

மேடம் வாசல் தூணைத் தடவிப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"நாலு வருஷம்," என்றார். "கண்ணாடி வாங்கின மாசம் ஏழு ஏறுச்சு, நாயகம் சார். எனக்கு ஞாபகம் இருக்கு. அப்போ நல்ல மழை. நிலவறையில கருவி நிக்கிற தூண் சாஞ்சிருக்கும்னு எழுதி வச்சேன். எழுதினதை நானே நம்பிட்டேன். ஊர் பெல்ட்டையெல்லாம் அவுத்தேனே. வெக்கமா இருக்கு."

கோமதிநாயகத்துக்கு மனசு தாங்கவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. பதின்மூன்று வாரம் அவர் எழுதியது அத்தனையும் சரி. இன்றைக்கு எழுதியது ஒன்றுதான் தப்பு.

"மேடம், இன்னையிலிருந்து சரியா எழுதினாப் போதாதா? நாலு வருஷத்து அறிக்கையும் அச்சாகிப் போயாச்சு. யாருக்குத் தெரியப்போகுது?"

"பதிவேட்டை எடுத்துட்டு வாங்க. எனக்குக் கண்ணு தெரியல, நீங்கதான் எழுதணும்."

கொண்டுவந்தார். மேடம் சொல்லச் சொல்ல எழுதினார்.

"வாசிங்க."

"'கடந்த நான்கு ஆண்டுகளில் பியூலா எடுத்த அளவுகள் எல்லாவற்றிலும் ஏழு நானோடெஸ்லா கூடுதலாக உள்ளது. அவர் அறியாமல் அவருடைய மூக்குக் கண்ணாடியில் இரும்பு இருந்தது.'"

"'அறியாமல்' நான் சொன்னேனா?"

"நானாப் போட்டேன் மேடம்."

"அடிங்க அதை."

"உண்மைதானே மேடம்? நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?"

"உண்மைதான். அது எத்தனை நானோடெஸ்லா?"

கோமதிநாயகம் 'அவர் அறியாமல்' என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டார். மேடத்திடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அன்று காலை தாம் எழுதிய எண்ணையும் கோடு போட்டு அடித்து, அதன் கீழே எழுதினார்: 'இது அளந்தது அல்ல. ஏழு கூட்டியது.' அடுத்து 'பயத்தில்' என்று எழுதப்போன கை நின்றது. தம் பெயரை மட்டும் எழுதினார்.

"முடிஞ்சுதா?" என்றார் மேடம்.

கோமதிநாயகம் பேனாவைத் தாம்பாளத்தில் போட்டுவிட்டு, மறுபடி அளக்க உள்ளே போனார்.