வண்ணமுத்துவின் வாளி

ஓடையெல்லாம் வற்றிப்போன ஒரு கோடையில், ஒரு காட்டில், வண்ணமுத்து என்றொரு பச்சோந்தி இருந்தது. கஞ்சத்தனத்தில் அதை மிஞ்ச அந்தக் காட்டிலேயே ஆள் கிடையாது. நடப்பதில்கூடக் கஞ்சம். ஓர் அடி எடுத்து வைக்க அரை நாள் யோசிக்கும்.

அது குடியிருந்த புங்க மரத்தடியில், காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ ஒரு பிளாஸ்டிக் வாளியை விட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்த்ததும் வண்ணமுத்துவுக்கு ஒரு யோசனை தோன்றியது. புல்லில் திரிந்த சில்வண்டுகளை நாக்கால் பிடித்தது. ஆனால் விழுங்கவில்லை. ஒவ்வொன்றாக வாளிக்குள் துப்பியது.

வழவழவென்ற வாளி. சில்வண்டுகள் ஏறிப் பார்த்தன, சறுக்கி விழுந்தன. குதித்துப் பார்த்தன, விளிம்பு எட்டவில்லை.

"அப்பாடா! இனி எனக்கு அலைச்சலே இல்லை. கிளையில் படுத்தபடியே நாக்கை விட வேண்டியது, ஒன்றை எடுத்து வாயில் போட வேண்டியது!" என்று வண்ணமுத்து கண்களை ஆளுக்கொரு பக்கம் உருட்டி மகிழ்ந்தது.

காக்கை வந்து கொத்திக்கொண்டு போகாமல் இருக்க ஒரு காவல் வேண்டுமே! செவ்வந்தி என்ற அரணையைக் கூப்பிட்டது. தினம் ஒரு சில்வண்டு கூலி என்று பேச்சு. செவ்வந்திக்கு ஞாபகமறதி அதிகம். கூலி வாங்க ஒரு நாளும் அதற்கு நினைவு வராது. வண்ணமுத்து அதைத் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான்!

ஒரு நாள் செவ்வந்தி வாளிக்குள் எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இதுங்க வாடிப்போய்க் கிடக்குதே. கொஞ்சம் முருங்கை இலை பறித்துப் போடட்டுமா?"

"உனக்கென்ன பைத்தியமா?" என்று சீறியது வண்ணமுத்து. "நான் தின்னப் போகிற பூச்சிக்கு எதற்குத் தீனி? ஓர் இலைகூட உள்ளே விழக் கூடாது. இதையாவது மறக்காமல் வைத்துக்கொள்!"

வாளிக்குள் மீசையப்பன் என்ற சில்வண்டு இருந்தது. நீளமான மீசை, பயமில்லாத வாய். அது கத்தியது: "ஐயா, எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்! பட்டினி கிடக்கிற எங்களைத் தின்றால் உங்களுக்குத்தான் என்ன கிடைக்கும்? வெறும் தோல்தானே!"

"தோலோ சதையோ, நோகாமல் கிடைக்கிறதே!" என்று சிரித்தது வண்ணமுத்து.

நாட்கள் போயின. சில்வண்டுகள் சருகாக இளைத்தன. கிர்ர் என்று பாடக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை.

வண்ணமுத்து ஒன்றைத் தின்றது, பசி அடங்கவில்லை. இன்னொன்றைத் தின்றது. ஊகூம்! தின்னத் தின்ன அதுவும் இளைத்தது. இலையில் உட்கார்ந்தால் பச்சை வரவில்லை, பட்டையில் உட்கார்ந்தால் பழுப்பு வரவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் ஒரே சாம்பல் நிறம்.

"உடம்பு சரியில்லையா அண்ணே?" என்று செவ்வந்தி கேட்டது.

"வெயில்" என்றது வண்ணமுத்து.

ஒரு பிற்பகல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் மழை! மழைக்கு முன்னால் வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம் என்று வண்ணமுத்து நாக்கை நீட்டியது. நாக்கு பாதி தூரம்தான் போனது. இன்னும் கொஞ்சம் குனிந்து நீட்டியது. எட்டவில்லை. வாலால் கிளையைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. இளைத்த வாலுக்குப் பிடிமானம் ஏது? சுருள் அவிழ்ந்து, தொப்பென்று வாளிக்குள்ளேயே விழுந்தது!

"செவ்வந்தி! சீக்கிரம் ஒரு குச்சி கொண்டு வா!"

"இதோ அண்ணே!" என்று செவ்வந்தி ஓடியது. ஓடியது, ஓடியது, பாதி வழியில் எதற்கு ஓடுகிறோம் என்பதை மறந்துவிட்டது.

பசித்த சில்வண்டுகள் வண்ணமுத்துவைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று அதன் கால் விரலைக் கடித்துப் பார்த்தது.

"ஐயோ! என்ன செய்கிறீர்கள்?"

"பசி" என்றது மீசையப்பன். "எங்களுக்கு இலை இல்லையென்றால் இதுவும் சரிதான். வால் நுனியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்."

டமார் என்று இடி இடித்தது. பெரிய பெரிய துளிகள் விழத் தொடங்கின. வாளியின் அடியில் தண்ணீர் தேங்கியது.

"வண்ணமுத்து, இங்கேயே இருந்தால் நீயும் சாவாய், நாங்களும் சாவோம்" என்றது மீசையப்பன். "நீ சுவரைப் பிடித்து எழுந்து நில். நாங்கள் உன் முதுகில் ஏறி, தலைக்கு வந்து, வெளியே குதிக்கிறோம். போனதும் செவ்வந்தியைத் தேடி அனுப்புகிறேன்."

"நீங்கள் போய்விட்டு என்னை மறந்துவிட்டால்?"

"மறப்பது அரணையின் வேலை. நாங்கள் சில்வண்டுகள்."

வேறு வழி? வண்ணமுத்து பின்னங்காலில் தள்ளாடி நின்றது. சில்வண்டுகள் அதன் முதுகில் வரிசையாக ஏறி, மூக்கு நுனியில் காலூன்றி, மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கூட்டி வெளியே தாவின. கடைசியாக மீசையப்பனும் தாவியது.

தண்ணீர் வண்ணமுத்துவின் வயிற்றைத் தொட்டது. அதற்கு அழுகை வந்தது.

மீசையப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. செவ்வந்தி ஒரு முருங்கை மரத்தடியில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தது. அரணையின் அருகே போவது ஆபத்து! அதனால் முட்புதருக்குள் ஒளிந்துகொண்டு, "வாளி! வாளி! வாளிக்குள் போடு!" என்று மீசையப்பன் கத்தியது.

"ஆங், வாளி!" என்று துள்ளியது செவ்வந்தி. "பாவம், அதுங்க பசியோட இருக்குமே! இலை போட வேண்டும் என்றுதானே வந்தேன்!"

காற்றில் முறிந்து கிடந்த நீளமான முருங்கைக் கொத்தை வாயில் கவ்வி இழுத்து வந்து, புங்க மரத்தில் ஏறி, வாளிக்குள் போட்டது. கொத்தின் ஒரு முனை வாளியின் அடியைத் தொட்டது. மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வண்ணமுத்து அதைப் பற்றி மெல்ல மெல்ல ஏறியது. நல்லவேளை, அது இளைத்துப்போயிருந்ததால் கொத்து முறியவில்லை.

நனைந்து நடுங்கியபடி வெளியே வந்து விழுந்த வண்ணமுத்துவைப் பார்த்ததும் செவ்வந்திக்குத் திக்கென்றது. அதற்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

"அண்ணே, கோபித்துக்கொள்ளாதீங்க! ஓர் இலைகூடப் போடக் கூடாது என்று சொல்லியிருந்தீர்களே, அதை மறந்தே போய்விட்டேன்!"

முட்புதருக்குள் சில்வண்டுகள் ஈரமான புல்லைத் தின்று முடித்து, கிர்ர் என்று பாட ஆரம்பித்தன.

நீதி: நம் வயிற்றை நிரப்புகிறவரின் வயிற்றில் அடித்தால், அந்த அடி நம் வயிற்றில்தான் விழும்.