பிலாத்துவின் பெயர்

தளபதிகள் நாட்டை ஆண்ட காலம் அது. கடலோர ஊர் ஒன்றில் கஸ்பார் சாமி பங்குச் சாமியாராக இருந்தார். நாற்பது வயதுக்காரர். சாமியார் இல்லாதபோது ஜெபம் நடத்துகிற உபதேசியார் வேலையை அவரிடம் கற்றுக்கொள்ள வந்த இஞ்ஞாசிக்கோ ஐம்பத்தொன்பது வயது. சீடனுக்கு மூப்பு, குருவுக்கு இளமை. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. சாமியும் அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்.

இஞ்ஞாசி முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். முத்து முத்தான கையெழுத்து. மகா பயந்த சுபாவம். வாழ்நாளில் ஒரு மேலதிகாரியின் முகத்தையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. செருப்பை வைத்தே ஆளை அடையாளம் சொல்லுவார்.

ஒருநாள் காலைப் பூசை முடிந்ததும் அவர் சாமியிடம் வந்தார்.

"சாமி, பூசையில சொல்ற விசுவாசப் பிரமாணத்துல ஒரு இடம் எனக்குத் தொண்டையிலயே நிக்குது."

"எந்த இடம் ஐயா?"

"இயேசுநாதர் பேர் வருது, சரி. மாதா பேர் வருது, அதுவும் சரி. மூணாவதா பாத்தா பிலாத்து பேர்! சூசையப்பர் பேர் இல்ல. இராயப்பர் பேர் இல்ல. இயேசுநாதரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்து, கையைக் கழுவிட்டு உள்ள போன அந்த அதிகாரி பேரை நாம எதுக்குச் சாமி வாராவாரம் சொல்லணும்?"

சாமி சிரித்தார். "ஐம்பது வருஷமாச் சொல்லிட்டு இன்னைக்குத்தான் தொண்டையில நிக்குதா?"

"நின்னுடுச்சே, என்ன செய்ய?"

"நிக்கட்டும்," என்றார் சாமி. அவ்வளவுதான், பூசை உடுப்பை மடிக்கப் போய்விட்டார். இஞ்ஞாசிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை கபிரியேலின் உடல் ஊருக்கு வந்தது.

கபிரியேல் மீன்பிடிக்கிற பையன், இருபத்துநான்கு வயது. கரையை மறித்து ராணுவம் முள்வேலி போட்டபோது, "நாங்க எந்த வழியாக் கடலுக்குப் போறது?" என்று கேட்டு வேலிக்கு முன்னால் உட்கார்ந்தவன். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் லாரியில் திருப்பி அனுப்பினார்கள். கூடவே ஒரு காகிதம். கடலில் மூழ்கி மரணம் என்று எழுதியிருந்தது.

கேட்டுக்கொள்ளுங்கள் இந்த அநியாயத்தை! நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகியவன் கடலில் மூழ்கிச் செத்தானாம்.

அவன் அம்மா மதலேனம்மாள் மகனைத் தானே குளிப்பாட்டினாள். சாமியும் இஞ்ஞாசியும் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். அவள் அவன் கால்களைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கால் இரண்டும் வரிவரியாகக் கன்றிப்போயிருந்தன.

"கடல் கையில தடி வச்சிருக்கா சாமி?"

கால்களை மெல்லக் கீழே வைத்துவிட்டுச் சாமியின் பக்கம் திரும்பினாள்.

"எம்புள்ள செத்ததை இனிமே மாத்த முடியாது. எப்படிச் செத்தான்கிறதை மாத்த விட்டுடாதீங்க. கோயில் புத்தகத்துல உள்ளதை உள்ளபடி எழுதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மதியமே வட்டாரத் தளபதி துரைவேந்தனின் ஆள் வந்துவிட்டான். காகிதத்தில் உள்ள காரணத்தைத்தான் கோயில் புத்தகத்திலும் எழுத வேண்டும், நாளைக்குத் தளபதியே நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாமி, ஊரில் இறந்தவர்களைப் பதிகிற மரித்தோர் புத்தகத்தைக் கொண்டுவந்து இஞ்ஞாசியின் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க ஐயா."

இஞ்ஞாசி பேனாவை எடுத்தார். அந்தக் கால்களை அவரும் பார்த்திருந்தார். பெயர் எழுதினார், வயது எழுதினார். மரித்த காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்தார். பிறகு, 'தடியால் தாக்கப்பட்டு இறந்தார்' என்று எழுதிக் காட்டினார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய தைரியம்.

சாமி படித்தார். "யாரால?"

"அது... அப்படி எழுத வழக்கம் இல்லைங்க சாமி. ஆபீசுல எதையும் 'பட்டது'ன்னு முடிச்சிடுவோம். வீடு இடிக்கப்பட்டது. மனு நிராகரிக்கப்பட்டது. நிலம் கையகப்படுத்தப்பட்டது."

"அடேயப்பா! முப்பது வருஷமா உங்க ஆபீசுல யாரும் எதுவுமே செய்யல போலிருக்கே. எல்லாம் அதுவாவே நடந்துக்கிட்டு இருந்திருக்கு."

இஞ்ஞாசி சிரிக்கவில்லை. "பேரை எழுதினா என்னை விட்டுவைப்பாங்களா சாமி?"

"தெரியாது. பயமா இருந்தா பேனாவை இங்க கொடுங்க, நான் எழுதறேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அதுக்கு முன்னால விசுவாசப் பிரமாணத்தை ஒரு தடவை சொல்லுங்க. மெதுவா."

இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மாதாவின் பெயரைத் தாண்டினார். "போஞ்சு பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டு..."

நிறுத்திவிட்டார். கண்ணைத் திறந்து சாமியைப் பார்த்தார். சாமி பேனாவுக்காகக் கையை நீட்டியபடியே இருந்தார்.

இஞ்ஞாசி பேனாவைக் கொடுக்கவில்லை. முதலில் எழுதியதை ஒரே கோடாக அடித்தார். அதன் கீழே எழுதினார்: 'கபிரியேல், தளபதி துரைவேந்தனின் அதிகாரத்தில் பாடுபட்டு, மரித்து, அடக்கம் செய்யப்பட்டார்.' யாரும் கேட்காமலே அடியில் தன் கையெழுத்தையும் போட்டார்.

சாயங்காலம் அடக்கம். குழியருகே சாமி அந்தப் புத்தகத்தை இஞ்ஞாசியிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். இஞ்ஞாசி தான் எழுதிய வரியை வாசித்தார். மதலேனம்மாள் ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழியில் போட்டாள். போடும்போது அந்த வரியை அப்படியே திருப்பிச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் மண்ணைப் போட்டு அதையே சொன்னாள். அப்புறம் ஊரே வரிசையில் வந்து, ஆளுக்கொரு பிடி மண்ணும் அந்த வரியுமாகப் போட்டது. கேட்டுக்கொண்டு நின்ற இஞ்ஞாசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை தளபதி வந்தார். புத்தகத்தைத் திறந்தார். படித்ததும் முகம் சிவந்தது.

"யார் எழுத்து இது?"

"என் பங்கு, என் புத்தகம். என்னைக் கேளுங்க," என்றார் சாமி.

"எழுத்து யாருதுன்னு கேட்டேன், பாதர்."

"என்னுதுங்க," என்று இஞ்ஞாசி முன்னால் வந்தார். வந்தவர் தலையை நிமிர்த்தினார். தளபதிக்குத் தாடையில் சவரம் செய்தபோது கீறிய சின்னக் காயம் இருந்தது. அட, இவரும் நம்மைப்போல ஒரு மனுஷன்தானே என்று தோன்றியது.

"இந்த வரியை அடிச்சிட்டு, மூழ்கிச் செத்தான்னு எழுது."

"முடியாதுங்க."

"என்ன சொன்ன?"

"அவன் மூழ்கினதை நான் பாக்கல. அவன் காலைப் பாத்தேன்."

தளபதி இஞ்ஞாசியின் சட்டையைப் பிடித்தார். சாமி நடுவில் புகுந்தார். "இவரை எழுதச் சொன்னவன் நான்."

"அப்ப நீங்க ஏறுங்க ஜீப்ல." தளபதி புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இஞ்ஞாசியின் பக்கம் திரும்பினார். "நீ புதுப் புத்தகம் போடு. நான் சொன்னதை எழுதி வை. இல்லேன்னா அடுத்த ஜீப் உனக்குத்தான்."

சாமி ஏறி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் துப்பாக்கிக்காரர்கள். கோயில் வாசலில் ஊர் கூடிவிட்டது. மதலேனம்மாள் முன்னால் நின்றாள். இஞ்ஞாசி ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, புத்தகம் போச்சே! நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இந்த ஜனங்க முன்னால நான் எதைப் பாத்து அவன் கதையைச் சொல்லுவேன்?"

வண்டி உறுமியது. சாமி குனிந்து, கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார்.

"பிலாத்து பேரை இத்தனை வருஷமா எதைப் பாத்துச் சொன்னீங்க, உபதேசியாரே?"